பதினாலு பேர் போட்ட கோலம்

கள்ளக்குறிச்சி மைதானத்தில், என் மகள் ஆடப்போகும் கபடிக் களத்துக்கு ஒரு பெண் விரலிடுக்கில் வெள்ளைப் பொடியை விட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வடக்கனந்தலில் நான் சிறுவனாகப் பார்த்த பொங்கல் விழா நினைவுக்கு வந்தது.

அங்கே கபடி ஆண்களுக்கு, கோலப்போட்டி பெண்களுக்கு. அந்த வருஷம் என் அக்கா செல்வியும் அவள் தோழிகளுமாகப் பதினாலு பேர் சேர்ந்து, மண்தெருவை அடைத்து ஒரே கோலம் போட்டார்கள். நீளமான கட்டம், நடுவே ஒரு கோடு.

"இன்னா கோலம்மா இது?" என்றார் விழாத் தலைவர்.

"கபடிங்க. இன்னும் முடியல. ஆடித்தான் முடிக்கணும்" என்றாள் அக்கா.

பதினாலு பேரும் ஏழேழாகப் பிரிந்து நின்றார்கள். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு 'கபடி கபடி' என்று பாடிப் போனாள். எதிரணியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நான் வாயை மூட மறந்து நின்றேன்.

"போய் நிறுத்துய்யா, உன் பொண்ணுதான?" என்று தலைவர் அப்பாவை விரட்டினார். வேகமாகப் போன அப்பா கோட்டருகே நின்றுவிட்டார்.

"கோலத்த மிதிச்சிக்கினு எப்டிங்க போறது?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்று பார்த்தார்.

கள்ளக்குறிச்சி மைதானத்தில் விசில் ஊதினார்கள். என் மகள் குனிந்து கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனாள். நான் செருப்பைக் கழற்றினேன்.