காப்புக் கட்டிய கை

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பினாங்கில், டத்தோ கிராமாட் பக்கம் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் ஃபெரியில் கடலைத் தாண்டி மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தேன். அத்தான் லாரி ஓட்டுபவர், பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். அக்காவுக்கு ஒரே மகள், ஏழு வயது. பெற்றது அக்கா என்றாலும் தலை பின்னுவதிலிருந்து வீட்டுப்பாடம் வரை எல்லாம் நான்தான். 'என் பிள்ளை, என் பிள்ளை' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவேன். அக்காவுக்கு அது பிடிக்காது.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருடம் குழந்தைக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைத்ததால், தானும் மகளும் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டியிருந்தாள். விரதம் தொடங்கி, கோயிலில் இருவர் கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்பும் கட்டியாகிவிட்டது. பால்குடம் செலுத்தி முடிக்கும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. இது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுச் சைக்கிளிலிருந்து விழுந்து குழந்தை வலது கையை உடைத்துக்கொண்டாள். டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டுப் போட்டால் போதும் என்றார் டாக்டர். கட்டுப் போடுகிறவர் நம் ஆள்தான், தமிழர். மணிக்கட்டில் இருந்த காப்பை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வேணாண்ணே. காப்புக் கட்டின கை. அறுத்தா தெய்வக் குத்தமாயிடும்."

அவர் கையிலும் ஒரு காப்பு இருந்தது. காவடி எடுக்கிறாராம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, கயிற்றின் மேலேயே பஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டார். "வெரல் வீங்குச்சின்னா உடனே கூட்டிட்டு வந்துரும்மா" என்று மட்டும் சொன்னார். முருகனே வந்து கட்டுப் போட்ட மாதிரி அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

மறுநாள் சனிக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு திடலில் ஃபன்ஃபேர் போட்டிருந்தார்கள். அன்றுதான் கடைசி நாள். கூட்டிப்போகிறேன் என்று நான் இரண்டு தடவை வாக்குக் கொடுத்து, இரண்டு தடவையும் ஓவர்டைம் வந்து கெடுத்திருந்தது. கை உடைந்த பிள்ளைக்கு ராட்டினம் எதற்கு என்று அக்கா கத்தினாள். குழந்தை அவள் முன்னால் போய் நின்று, "வலிக்கவே இல்லம்மா, சத்தியமா" என்றாள். பிறந்ததிலிருந்தே அவள் அதிகம் அழமாட்டாள். எங்கள் வீட்டில் அது ஒரு பெருமை. விரல் லேசாக உப்பியிருந்தது. கட்டுப் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

சாயங்காலம் நானும் குழந்தையும் மட்டும் பஸ் பிடித்துப் போனோம். குதிரை ராட்டினம், மோதும் கார், உயரமான பெரிய ராட்டினம், எல்லாவற்றிலும் ஒரே பதில்தான். மாவுக்கட்டைப் பார்த்ததும் "தாக் போலே" என்று கையை ஆட்டிவிடுவார்கள். முடியாது என்றால் முடியாதுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குழந்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி கூடவே நடந்தாள். சுற்றிலும் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள். அந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் நிறம் மாறித்தான் தெரிந்தது.

கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு ரயில். மெதுவாகத்தான் ஓடும். அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் அக்கா தன் மகனோடு வரிசையில் நின்றார். எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட்காரரிடம் பேசி, குழந்தையை ஏற்றச் சம்மதிக்க வைத்தார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. வரிசையில் காத்திருந்தபோது பஞ்சுமிட்டாய் வாங்கி, விளையாட்டாக அந்த வலது கை விரல்களுக்கிடையில் செருகினேன். குச்சி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி செருகினேன். மறுபடியும் விழுந்தது.

"புடிடி" என்று விரல்களை மடக்கப் போனேன். ஐஸைத் தொட்டது போல இருந்தது. குழந்தையின் உடம்பெல்லாம் கொதித்தது, அந்த விரல்கள் மட்டும் சில்லென்று கிடந்தன. நகத்தைக் கிள்ளினேன். "வலிக்குதா?" என்றேன். "இப்ப வலிக்கல சின்னம்மா. காலையிலதான் ரொம்ப வலிச்சிச்சி" என்றாள்.

என்ன செய்தேன், எப்படிக் கத்தினேன் என்று இன்றும் சரியாக நினைவில்லை. அந்த முஸ்லிம் அக்கா குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்தார். "யா அல்லா, வாங்க, எங்க கெரெத்தா வெளிய நிக்குது" என்று என் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் மகனுக்கு அப்போதுதான் முறை வந்திருந்தது. ரயிலைப் பார்த்துக்கொண்டே அவன் ஓவென்று அழுதான். அழுகிறவனை ஒரு கையால் இழுத்துக்கொண்டு அவர் எங்களுக்கு முன்னால் ஓடினார். அவருடைய கணவர்தான் அந்தக் காரை ஓட்டினார். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. நான் அந்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே வந்தேன். ஊதினால் சூடாகிவிடும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை அறுத்துப் பிரித்தார்கள். உள்ளே கை வீங்கிக் கருத்திருந்தது. கயிறே கண்ணுக்குத் தெரியவில்லை. சதை அதை விழுங்கிவிட்டது. இடுக்கில் கத்தரிக்கோல் நுழையவில்லை. இது என்ன, யார் கட்டியது என்று டாக்டர் மலாயில் கேட்டார். சாமிக் கயிறு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. குழந்தையை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

தகவல் கிடைத்து அக்கா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியபடி அவள் கேட்ட முதல் கேள்வி, "காப்ப அறுத்துட்டாங்களா?"

அவளை அறைந்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த நொடியே அவள் தரையில் உட்கார்ந்து தன் கையில் இருந்த காப்பைப் பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தாள். அது அறுபடவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த முஸ்லிம் குடும்பம் போனது எப்போது என்றுகூட நாங்கள் கவனிக்கவில்லை. நன்றி சொல்லவில்லை. அதன்பிறகு அவர்களை நாங்கள் பார்க்கவும் இல்லை.

கை பிழைத்தது. ஆனால் இரத்தம் போகாமல் கிடந்ததில் உள்ளே பட்டுப்போனது பட்டுப்போனதுதான் என்றார்கள். மாதக்கணக்கில் எண்ணெய் போட்டு உருவினோம், ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. அக்கா வேண்டுதலை விடவில்லை. அந்தத் தைப்பூசத்துக்குத் தனியாகப் பால்குடம் தூக்கிப் போனாள். நான் போகவில்லை. குழந்தைக்குக் காவலாக ஆஸ்பத்திரியில் இருந்தேன், அவ்வளவு கோபம் எனக்குச் சாமி மேல். இன்றும் அது முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன். "காலையிலயே வலிச்சிச்சில்ல, ஏண்டி சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொன்னா கூட்டிட்டுப் போமாட்டீங்கல்ல சின்னம்மா?"

இப்போது அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடது கையால் எழுதுகிறாள், இடது கையாலேயே சமைக்கிறாள், யாரையும் குறை சொல்வதில்லை. எனக்கோ அழுது அடம்பிடித்து வீட்டை இரண்டாக்குகிற பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. 'ஒண்ணுமில்ல, வலிக்கல' என்று சிரிக்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் இன்றும் பதறிப்போய் முதலில் அதன் விரல்களைத் தொட்டுப் பார்க்கிறேன்.