ஜபார் கொடுத்த பாஸ்

கச்சால் தீவில் ரப்பர் வேலைக்கென்று சிலோனிலிருந்து நம் ஜனங்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்களே, அதற்கு அடுத்த மழைக்காலம். வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அப்போது ஹேடோ ஜெட்டியில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் கேங்கில் இருந்தேன். ஜெட்டி பாஸ்கெட்பால் டீமில் செண்டர். உயரத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்கள், ஆட்டத்துக்காக இல்லை.

அந்த வருஷம் பழைய டீம் கலைந்துவிட்டது. ஆபீஸ்காரர்கள் மாற்றலாகி மெயின்லேண்ட் போய்விட்டார்கள். மிச்சம் நான் ஒருவன். புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்கும் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வங்காளி பிமல், தெலுங்குப் பையன்கள் இரண்டு பேர், அப்புறம் ஜபார். ஜபாரின் வாப்பாவுக்கு பஜாரில் துணிக்கடை. கடையில் உட்கார மாட்டேன் என்று ஜெட்டி வேலைக்கு வந்தவன் அவன்.

எங்கள் ஜெட்டி எஞ்சினியர் திருநெல்வேலிக்காரர். நேராகவே சொல்லிவிட்டார்: மழை விட்டதும் மரம் அறுக்கும் மில் டீமோடு மேட்ச், தோற்றால் உங்கள் கிரவுண்டில் மரத் தடிகளை அடுக்கப்போகிறோம் என்று. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஜெட்டியில் இடம் அவ்வளவு நெருக்கடி.

எங்கள் மழை உங்களுக்குத் தெரியும். தோல் பந்து நனைந்தால் பூசணிக்காய் மாதிரி கனக்கும், தரையிலிருந்து எழும்பாது. அதனால் பிராக்டிஸ் கோடவுனுக்குள். அரிசி மூட்டை அடுக்குகளுக்கு நடுவே ஒரு சந்து. ஓட இடமில்லை, ரிங்கும் இல்லை, பாஸ் மட்டும்தான் பண்ணலாம். நான் அடுக்கின் மேலே நிற்பேன். கீழே நாலு பேரும் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் எனக்குத் தூக்கிப்போடுவார்கள். ஜபார் என்னைப் பார்க்கவே மாட்டான். முகம் பிமல் பக்கம் இருக்கும், பந்து என் கைக்கு வந்திருக்கும்.

மேட்ச் அன்று பையன்கள் பாஸ் கொடுத்த அழகில் மரமில்காரர்களே வாயைப் பிளந்தார்கள். ஆனால் ஒருத்தனும் கூடையில் போடவில்லை. ரிங்குக்கு அடியிலேயே நின்றாலும் அடுத்தவனைத் தேடிக் கொடுத்தார்கள். எனக்கு வந்ததை நானும் பழக்கதோஷத்தில் திருப்பிக் கொடுத்தேன். மழைக்காலம் முழுக்கப் பழகியது அதுதானே. ஹாஃப் டைமில் ரொம்பப் பின்னால் இருந்தோம். எஞ்சினியர் வந்தார்.

“என்னலே, கப்பல்லயா சரக்கு எறக்குதிய? கைமாத்திக்கிட்டே இருந்தா கூடையில யாருல போடுவா?”

அவர் போனபிறகு ஜபார் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, ரிங்கைப் பாத்தா எங்களுக்குக் கை வரமாட்டேங்குது. நீங்க அடுக்கு மேல நிக்கிற மாதிரி ரிங்கு கிட்ட கையத் தூக்கிட்டு நில்லுங்க. குடுக்கிறது எங்க பாடு, போடுறது உங்க பாடு.”

“ரிங்கு கிட்ட மூணு செகண்டுக்கு மேல நின்னா ரெஃப்ரி விசில் ஊதிடுவான்டா.”

“நீங்க உள்ள வர்ற நேரத்துக்குப் பந்தும் வரும்ணே.”

வந்தது. நான் உள்ளே போய்க் கையைத் தூக்கினால் பந்து அங்கே இருந்தது. வெறுமனே தள்ளிவிட்டேன். ஒவ்வொரு கூடையாக எட்டிப் பிடித்தோம். மரமில்காரர்கள் விழித்துக்கொண்டு மூன்று பேராக என்னைச் சூழ்ந்தார்கள்.

கடைசி நிமிஷம். ஒரு கூடை விழுந்தால் ஜெயிப்போம். ஜபார் நேராக என் முகத்தைப் பார்த்துப் பந்தை ஓங்கினான். மூன்று பேரும் என்மேல் வந்து விழுந்தார்கள். பந்தோ எங்கள் காலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு அடி அடித்து, மறுபுறம் பிமலிடம் போயிருந்தது. பிமலைத் தடுக்க ஆளில்லை. அவன் கொடுக்கவும் ஆளில்லை. பாவம், வேறு வழியில்லாமல் கூடையில் போட்டான்.

மரத் தடியெல்லாம் வேறு இடத்துக்குப் போனது. பிமலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்கு எஞ்சினியர் டீ வாங்கிக் கொடுத்தார். ஜபார் அன்று ஒரு கூடைகூடப் போடாததால் அவன் பேரை யாரும் கேட்கவில்லை. போட்டவனை ஊரே பார்க்கும், கொடுத்தவனை அவனோடு ஆடினவன் மட்டும்தான் பார்ப்பான். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அப்படிப்பட்ட கையோடு ஆடினேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

அவன் பேரப்பிள்ளைகள் பத்துபஸ்தியில் இருக்கிறார்கள். தாத்தா டீமில் பேருக்கு இருந்தார் என்று நினைக்கிறார்களாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள்: அன்று கிரவுண்டைக் காப்பாற்றிய ஒவ்வொரு கூடையும் உங்கள் தாத்தா கையிலிருந்துதான் கிளம்பியது.