குமுளியிலிருந்து கம்பம்: ஒரு வலது விங்கரோடு 24 கிலோமீட்டர்

2008 ஜனவரியில் மூன்று நாள் விடுப்பில் குமுளிக்குப் போயிருந்தேன். விடுதியில் பக்கத்து அறையில் டெரிக், அறுபத்தொரு வயது இங்கிலாந்துக்காரர், ஒரு காலத்தில் கால்பந்தில் வலது விங்கர். இதைக் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் நண்பன் ஜாபரிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். மறுநாள் அவர்கள் ஊரில் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம்.

"அவுகள எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துரு மாப்ள. கோப்பைய அவுக கையாலதான் குடுக்கணும்" என்றான். கோப்பை கொடுக்கத்தானே என்று டெரிக்கும் சம்மதித்தார்.

மதியம் 1.40க்குப் பஸ். டிக்கெட் எட்டு ரூபாய், ஒரு மணி நேரப் பயணம். மலை இறங்கும்வரை முன்பக்கம் உட்காருங்கள், பின்சீட்டு வயிற்றைக் கலக்கிவிடும். டெரிக் டிரைவருக்குப் பின்னாலேயே இடம் பிடித்தார். ஆட்டத்தை விட்டபின் இருபது வருடம் டவுன் பஸ் ஓட்டியவராம். "இவர் பிரேக்கைவிட ஹாரனைத்தான் நம்புகிறார்" என்றார்.

லோயர்கேம்ப் வருவதற்குள் கதை முழுக்க வந்துவிட்டது. துறைமுக ஊரில் மூட்டை தூக்குபவரின் மகன். பதினேழு வயதில் கிளப்பில் சேர்ந்து, இரண்டாம் டிவிஷனில் பதினொரு சீசன். கோட்டோரமாக ஓடிப் பந்தை நடுவே தூக்கிக் கொடுப்பதுதான் வேலை. சொந்தமாக அடித்தது பதினான்கே கோல். கடைசி வருடம் காலியாகக் கிடந்த கோலுக்கு வெளியே பந்தை உதைத்துவிட்டார். சொந்த ஊர்க் கூட்டமே ஊளையிட்டது. அடுத்த வாரம் முழங்கால் போயிற்று.

"அதற்குப் பிறகு நாலு பேர் பார்க்க ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை" என்றார்.

நாங்கள் போகிற கம்பம் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிறப்பு விருந்தினர் காலிக் கோலில் பந்தை உதைத்து உள்ளே தள்ள வேண்டும். அதற்குச் சரவெடி வெடித்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். போன வருடம் வெளியே உதைத்த ஜவுளிக்கடை முதலாளிக்கு இன்றுவரை ஊரில் 'அவுட்' என்றுதான் பெயர். இதை அதுவரை அவரிடம் நான் சொல்லவே இல்லை. கூடலூர் தாண்டியதும் சொன்னேன். கம்பம் வரும்வரை அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

நான்கு மணிக்கு மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. ஜாபரைத் தனியே இழுத்து, வேறு யாராவது உதைக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"ஊரே வந்து நிக்கிது. இப்பப் போயி வேற ஆளுங்குறியே!"

டெரிக் பந்தை வாங்கிக்கொண்டார். ஆனால் கோலுக்கு நேரே நிற்கவில்லை. காலை இழுத்து இழுத்து மூலைக்கொடிக்கு நடந்தார். நெட்டையான ஒரு ஆட்டக்காரரைக் கோலுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். இரண்டே எட்டு வைத்து உதைத்தார். பந்து எழும்பி, வளைந்து, நெட்டையரின் நெற்றிக்கே வந்தது. அவர் முட்டினார். வலைக்குள் போய்விட்டது.

யாரும் கைதட்டவில்லை. தீப்பெட்டியோடு நின்றவர் ஜாபரைப் பார்த்தார்.

"கோல அடிச்சது நம்ம ஆளுதான? வெடி போடவா, வேணாமாண்ணே?"

"ஏலே, பந்தக் குடுத்தது யாரு? அவுகதான குடுத்தாக! பத்த வையிலே!"

வெடிச் சத்தத்தில் டெரிக்கின் காதுக்குள் இதைக் கத்தி மொழிபெயர்த்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து தேனி வழியாகக் கம்பத்துக்குப் பஸ் நிறைய உண்டு, மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். திராட்சையைத் தோட்டத்திலேயே வாங்குங்கள். யாரையாவது விருந்தாளியாகக் கூட்டிப் போனால், ஊர் வழக்கம் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஐ.எஸ்.டி. பூத் இருக்கிறது. திரும்பும் முன் டெரிக் அங்கிருந்து மனைவியைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு சரியாக மூடாததால் எனக்கும் கேட்டது.

"ஆமாம், உதைத்தேன்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"இல்லை" என்றார் டெரிக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யாரும் ஊளையிடவில்லை."