ஜெனீவாவில் எழுந்தவரின் மகள்

ஆக்லாந்துக்கு வந்த புதிதில், ஹில்ஸ்பரோவில் எங்கள் தெருவிலிருந்த ஒரு மர வீட்டை இரண்டாக அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜன்னல் திரையைக்கூடக் கழற்றவில்லை. வீடு மாற்றுவது என்றால் இங்கே வீட்டையே மாற்றுவது போலிருக்கிறது. மஸ்கட், சிங்கப்பூர், ஆக்லாந்து என்று பெட்டி கட்டியே பழகிய எனக்கும் அன்று முதல் உள்ளுக்குள் ஒரு நிலைகொள்ளாமை.

சென்ற ஆண்டு அது முற்றியது. இங்கே வேலை போன என் கணவர் செந்திலுக்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேறு வேலை கிடைத்தது. ஒன்பது வயது இனியா வரமாட்டேன் என்று ஆங்கிலத்தில் அழுதாள். பிள்ளைகளை எங்கே நட்டாலும் முளைத்துவிடும் என்றார் செந்தில். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பக்கத்து வீட்டில் கெய்கோ தனியாக இருக்கிறார். எழுபது வயதை நெருங்கும் ஜப்பானியர். மருந்துக்கடையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் வேலிக்கு இருபுறமும் நின்று தடுமாறும். பெர்த் விஷயத்தைச் சொன்ன மாலையில் அவர், "என் தாத்தா வாக் அவுட் பண்ணினபோது அம்மாவுக்கும் ஒன்பது வயசுதான்" என்றார். தாத்தா குடும்பத்தை விட்டு ஓடிவிட்டார் போலும் என்று நினைத்து, பாட்டி எப்படிச் சமாளித்தார் என்று பரிவோடு கேட்டேன். கெய்கோ சிரித்துவிட்டார். தாத்தா விட்டுப்போனது பாட்டியை அல்ல, ஜெனீவாவை.

தாத்தா தூதரக அதிகாரி. முதல் உலகப்போருக்குப் பிறகு, இனிப் போரே வேண்டாம் என்று நாடுகள் கூடி ஜெனீவாவில் அமைத்த சங்கத்துக்கு ஜப்பான் சார்பில் போனவர். இளமையெல்லாம் அங்கேதான் கழிந்தது. மகள் அங்கேயே பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்தாள். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்ததைச் சங்கம் கண்டித்த அன்று ஜப்பானியக் குழு எழுந்து வெளியேறியது. மனம் ஒப்பாமலே அவரும் எழுந்தார். ஊர் திரும்பியவர்களைக் கொடியசைத்து வரவேற்றார்கள். பள்ளியில் அவர் மகளின் ஜப்பானிய உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். பிறகு தாத்தாவுக்கு உருப்படியான பொறுப்பு எதுவும் தரப்படவில்லை. அடுத்த போர் மூளும் முன்பே வேலையை விட்டுவிட்டு, மாணவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். வீட்டில் மட்டும் அந்த மொழி கூடாது என்றிருந்தார்.

கெய்கோவின் தாய் முதுமையில் மகளிடம் ஆக்லாந்துக்கு வந்து, இங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். கடைசி நாட்களில் பேசியதெல்லாம் பிரெஞ்சு. "எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலை" என்றார் கெய்கோ. "அங்கே வேலை பார்த்த, பிரெஞ்சு தெரிஞ்ச டஹிட்டித் தீவுப் பெண்ணைக் கேட்டேன். 'ஸ்கூலுக்கு நேரமாச்சு, அப்பா ஏன் பெட்டி கட்டுறார்'னு கேக்கிறாங்கன்னு சொன்னாள்."

வீட்டுக்குள் போனேன். செந்தில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க வரலைங்க."

அவர் நிமிரவில்லை. பெட்டியை ஒட்டியபடியே, "நான் மட்டும் போய் அங்க யார்கூட இருக்கிறது?" என்றார். வேலை வேண்டியிருந்தது, அவர் மட்டும் போனார். இனியா பள்ளியில் சிரிக்கிறாள். நான் செய்தது சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டு மேசையில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கிறோம். எங்கள் ஜன்னலில் இருட்டும் மழையும். திரையில் செந்தில் முகத்தில் பெர்த்தின் மாலை வெயில். அதே அழைப்பில் மதுரையிலிருந்து என் அம்மா, "சாப்டாச்சா?" என்று கேட்கிறாள். எந்த வேளைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று தெரியாமல் மூன்று பேரும் தலையாட்டுகிறோம்.