நூற்றுப் பத்தாவது பாதம்

மூன்றாவது முறையும் ஃபவுல். பலகையைத் தாண்டி ஒரு சாண் தள்ளி என் கால் பதிந்திருந்தது. நீளம் தாண்டுதல் போட்டிக்கு மூன்றே நாள்தான் இருந்தது. தஞ்சாவூர் மைதானத்தில், மணல்குழிக்குள்ளேயே உட்கார்ந்து மணலை வாரி அடித்தேன்.

பலகையிலிருந்து பாதம் பாதமாகப் பின்னோக்கி எண்ணி, ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை வைப்போம். எனக்கு நூற்றுப் பத்து பாதம். அன்று காலையும் எண்ணித்தான் வைத்திருந்தேன்.

என்னோடு பயிற்சி எடுக்கும் ஸ்டெல்லா மணலைச் சமன் செய்ய வந்தாள்.

"நீதானே கல்லை நகர்த்தின? நான் சொதப்பினாத்தானே என் இடத்துல நீ போட்டிக்குப் போக முடியும்?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "போனை என்கிட்ட குடு. இப்ப எண்ணு" என்றாள்.

எண்ணினேன். நூற்றொன்பதிலேயே கல் வந்துவிட்டது; நூற்றுப் பத்தாவது பாதம் கல்லுக்கு அப்பால் விழுந்தது.

"காலையில உங்கப்பாகிட்ட போன்ல கத்திக்கிட்டேதான் எண்ணின" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

உண்மைதான். எங்கள் வயலை அளந்து பார்த்த அப்பா, எல்லைக்கல்லைப் பெரியப்பா ஒரு சாண் நகர்த்திவிட்டதாகச் சொல்ல, "விடாதீங்கப்பா" என்று அவரை ஏற்றிவிட்டபடியே நடந்திருக்கிறேன். கவனம் என்றால் பலகையைப் பார்த்து ஓடுவதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாலையில் அப்பா மறுபடி கூப்பிட்டார். "கல்லைத் தொடவே இல்லன்னு சத்தியம் பண்றாரும்மா உங்க பெரியப்பா. எப்படி இருக்கு பாரு!"



"அப்பா, நீங்க அளக்கும்போது கோவமா இருந்தீங்களா?"