ஆர்லிஸின் பச்சை இன்ஜின்

மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸ் டொல்லெஃப்சனிடம் “அது உன்னால ஆகாது” என்று சொன்னால் போதும், அன்றைக்கே அதைத் தொடங்கிவிடுவாள். அப்படிச் சொல்வது பெரும்பாலும் அண்ணன் வெர்லின்தான். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். ரம்பம் தின்றது போக மிஞ்சிய அரை ஆள்காட்டி விரலை நீட்டித்தான் ஊருக்கே புத்தி சொல்வான்.

ஆர்லிஸ் தன் பழைய பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள், இன்ஜின் மேல் இருக்கும் கையகல மூடியை வீட்டு ஷெட்டிலேயே கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவி உலர வைத்திருந்தாள். பெயின்டைச் சுட்டு இறுக்க, யாரோ கழித்துப் போட்ட ஓவன் ஒன்று பக்கத்தில் இருந்தது.

வெர்லின் எண்ணெயில் பொரித்த டோனட்டைக் கடித்துக்கொண்டே வந்தான்.

“வீட்ல பெயின்ட்டா? அதுவும் வெள்ளரிக்கா ஊறுகாய்ப் பச்சை! ஆகஸ்ட்ல வண்டிக் கண்காட்சி வர்றதுக்குள்ள உரிஞ்சு தொங்கும் பாரு.”

“உரியலைன்னா?”

“எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். உரிஞ்சா இன்ஜின் என் கடைக்கு வரணும். ‘வெர்லின் இல்லாம முடியாது’ன்னு நீ சத்தமா சொல்லணும்.”

“சரி. ஆனா மூடியைத் தொட்டுடாத. வெறுங்கை பட்டா பெயின்ட் பிடிக்காது.”

உள்ளே போய் பெயின்ட் ஸ்ப்ரே டின்னோடு அவள் திரும்பி வந்தபோது அவன் விரல்களை நக்கிக்கொண்டிருந்தான்.

“தொட்டியா?”

“நானா? ச்சே! பக்கத்துலயே போகலையே!”

அண்ணனாயிற்றே, நம்பினாள். அடித்தாள், சுட்டாள், மாட்டினாள்.

ஆகஸ்ட் கண்காட்சியில் பானெட்டைத் திறந்தபோது மூடியின் பக்கவாட்டில் ஒரு பொட்டு உரிந்திருந்தது.

“வாங்கப்பா வாங்க! வீட்டுப் பெயின்ட் லட்சணத்தைப் பாருங்க!” வெர்லினின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “சொல்லு ஆர்லிஸு, வாயைத் திறந்து சொல்லு!”

அவள் குனிந்து மூடியின் மறுபக்கத்தை எட்டிப் பார்த்தாள். அங்கே நாலு பொட்டு. மூன்று வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் கீழே எட்டாமல் மேலேயே நின்றுவிட்டிருந்தது.

“மூடி மேல கையை வை.”

“எதுக்கு?”

“பயமா?”

“வையேன் வெர்லின்!” என்றது கூட்டம்.

வைத்தான். கட்டைவிரல் இந்தப் பக்கத்துப் பொட்டில் போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் மூன்று விரலும் அதனதன் இடத்தில். மேலே நின்ற பொட்டில் கச்சிதமாக அந்த அரை விரல்.

“டோனட் ருசியா இருந்துச்சா?” என்றாள் ஆர்லிஸ். “உன் கை பட்ட இடத்தை விட்டுடு. வேற எங்கயாவது உரிஞ்சிருக்கா? காட்டு.”

தேடினான். எங்கும் இல்லை.

“தொட்டேன்... மன்னிச்சுடு,” என்று முனகினான்.

“பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலையாம்!” என்றாள் ஆர்லிஸ்.

அந்த ஐந்து பொட்டுகளுக்கும் ஆர்லிஸ் இன்றுவரை பெயின்ட் அடிக்கவில்லை. யார் கேட்டாலும் பானெட்டைத் திறந்து காட்டுகிறாள்.