ஏழாம் ஆணி

2023 டிசம்பர் 27, புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு பேத்தமங்களா ஏரிக்கரையிலிருந்து படகு புறப்பட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏறப்போனவர்கள் பன்னிரண்டு பேர். ஜெயகரன் அங்கிள் பலகை நடைபாதையை மறித்துக்கொண்டு நின்றார். கரையோரக் கொட்டகைச் சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்த ஒரு பலகை. ஒவ்வொரு ஆணியிலும் எண் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இறங்கியதும் அதே ஆணியில் மாட்ட வேண்டும்.

படகின் சொந்தக்காரர் விநாயக் பங்காருப்பேட்டையில் மனை விற்பவர். அவர் இரண்டாம் எண் டோக்கனைச் சுண்டிப் பிடித்துச் சிரித்தார்.

“இன்னா ஜெயகரண்ணே, சொரங்கத்து கேஜுல வெச்சு நூறாவது லெவலுக்கு எறக்கப் போறியா? முழுகினாலும் எழுந்து நின்னா கழுத்துவரைக்கும்தான் தண்ணி.”

“எண்ணி ஏத்தறேன், எண்ணி எறக்கறேன். எடுத்துகினு போங்க முதலாளி.”

“எடுத்துக்கோங்க விநாயக்,” என்றார் அங்கிளின் மனைவி சாரா ஆண்ட்டி. “இந்த மனுசன் வூட்ல குளிக்கப் போறதுக்கே டோக்கன் கேக்கறவரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்ட்டி ஏழாம் எண்ணை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். நான் எட்டு.

நான் அவர்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில், அதே சுரங்கத் தொழிலாளர் லைனில் வளர்ந்தவள். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த மாதம்தான் திரும்பியிருந்தேன். திரும்பிய இடத்தில் கால் தரிக்கவில்லை. படகு என்று கேட்டதும் ஓடி வந்துவிட்டேன்.

ஜெயகரனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சுரங்கத்தில் ஒன்பது வருடம் ஃபிட்டர் வேலை. கீழே காற்று போகும் குழாய்கள், விசிறிகள், கதவுகள் எல்லாம் அவர் பொறுப்பு. சுரங்கம் மூடிய பிறகு இருபது வருடத்துக்கு மேல் மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயில் ஏறி பெங்களூரில் ஒரு சைலன்சர் கடைக்குப் போய் வந்தார். லாரி, பஸ், ஜெனரேட்டர் என்று எதன் புகைக்குழாயையும் சத்தத்தை வைத்தே எங்கே ஓட்டை என்று சொல்லிவிடுவார். விநாயக் மங்களூரிலிருந்து பழைய மோட்டார் படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, கல்யாணக்காரர்களுக்கும் பிறந்தநாள்காரர்களுக்கும் வாடகைக்கு விடப் போகிறேன் என்றபோது, அதைக் கவனிக்க இவரைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை. ரயில் ஏறாமல் ஒரு வேலை என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆனால் படகைப் பார்த்த முதல் நாளே அவர் பயந்துவிட்டார். ஏரியைக் கண்டல்ல, அந்தப் படகின் வயிற்றைக் கண்டு.

லாரியில் புகைக்குழாய் வெளியே தொங்கும். ஓட்டையானால் புகை தெருவுக்குப் போகும். இந்தப் படகில் பெட்ரோல் இன்ஜின் பின்பக்கத் தரைக்கு அடியில் கிடந்தது. அதன் புகை ரப்பர் ஹோஸ் வழியாக ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கீழேயே ஓடி, பின்பக்கம் தண்ணீருக்குச் சற்று மேலே வெளியே வந்தது. கொதிக்கும் புகை போனால் ரப்பர் தாங்காது. அதனால் ஒரு பம்பு ஏரித் தண்ணீரை உறிஞ்சி, இன்ஜின் வாயிலேயே புகையோடு கலந்துவிடும். நனைந்து சூடு தணிந்த புகை, தண்ணீரும் தானுமாகப் பின்னால் துப்பிக்கொண்டு போகும். ஆகாயத்தாமரை வேர் ஒன்று உறிஞ்சு குழாயை அடைத்தால் போதும். தண்ணீர் நிற்கும், ரப்பர் வெந்து விரியும், புகை உள்ளே புகும்.

“கரும்புகைன்னா இருமிகினு எழுந்து ஓடிருவோம், இந்து,” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். “அதுக்குள்ள ஒண்ணு கீது. வாசனை இல்ல, நெறம் இல்ல. தலைவலின்னு படுப்ப. அவ்ளோதான்.”

அதனால் தினமும் காலையில் அவர் ஒரே வேலையை ஒரே வரிசையில் செய்தார். உறிஞ்சு குழாயின் வலையைக் கழற்றி வேர்களைப் பிடுங்குவார். ஒவ்வொரு ஹோஸ் முனையிலும் இரண்டு கிளாம்ப். ஒன்று தளர்ந்தாலும் மற்றது பிடிக்கும் என்று இரண்டையும் முறுக்கிப் பார்ப்பார். இணைப்புகளைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கரி ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு இன்ஜினைக் கிளப்பிவிட்டு ஹோஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை தாங்குகிறவரை தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தில் ஒரு இதழ் ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டு எங்கோ குழாயில் சிக்கியிருக்கும் என்று அரை நாள் தேடி எடுத்த பிறகுதான் புது சக்கரம் போட்டார். வாசனையில்லாத அந்த வாயுவைக் கண்டால் கூவும் அலாரம் ஒன்று வேண்டும் என்று விநாயக்கிடம் மூன்று முறை கேட்டிருந்தார். அடுத்த வாரம் வருகிறது என்று மூன்று முறையும் பதில் வந்தது.

இந்தப் பயம் படகில் ஆரம்பித்ததல்ல. 1997இல் சுரங்கத்தில் ஒரு ஷிஃப்ட்டில், வெடி வைத்த பிறகு புகை வெளியேற வேண்டிய பக்கத்துக் கதவைத் திறப்பது ஜெயகரனின் வேலை. ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தவர் கதவை மறந்துவிட்டார். அவரோடு வேலை பார்த்த வாசு, புகை போயிருக்கும் என்று நம்பி உள்ளே நடந்தார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தபோது டோக்கன் பலகையில் வாசுவின் ஆணி மட்டும் காலியாக இருந்தது. அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றதைத்தான் ஜெயகரன் எப்போதும் சொல்வார். அதற்குப் பிறகு நடந்ததை ஒருநாளும் சொன்னதில்லை.

அதிலிருந்து எங்கே போனாலும் பின்கதவைத் திறந்துவைப்பார். சர்ச்சில், பஸ்ஸில், அடுத்தவர் கல்யாண வீட்டில்கூட.

அன்று ஏரியின் நடுவே போனதும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. பெண்கள் முன்பக்கக் கண்ணாடிகளை இழுத்து மூடினார்கள். பின்பக்கத்தில் கித்தான் திரை கட்டியிருந்தது. உள்ளே எல்லோரும் அடைந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஜெயகரன் அந்தத் திரையை அவிழ்த்துச் சுருட்டி மேலே கட்டினார்.

“காத்து போவட்டும். பின்னாடி தொறந்தா எல்லாம் வெளிய போயிரும்.”

விநாயக் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். யாரோ கேக் நீட்டினார்கள். கால் மணி நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. வெயிலில் தண்ணீர் மினுக்கியதால் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெண்மணி, நேற்றைய பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சாரா ஆண்ட்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். முன்பக்கம் மூன்று படி இறங்கினால் தாழ்வான ஒரு படுக்கை அறை. அவர் அந்தப் பக்கம் போனாரா, அல்லது அது நான் பிறகு சேர்த்துக்கொண்ட ஞாபகமா, இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரை சேர்ந்தோம். கயிறு கட்டும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் இறங்கிப் போய் ஒரு வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். இன்னும் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“கடல் இல்லாத ஊர்க்காரங்களுக்கு ஏரியே அதிகம் போலகீது,” என்று விநாயக் சிரித்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

ஜெயகரன் யாரையும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். “ரெண்டு ஆணி காலி.”

விநாயக் சட்டைப் பையைத் தட்டினார். “அட, என்னுது இங்க கீது. நீயும் உன் டோக்கனும்.” இரண்டாம் எண்ணை மாட்டினார்.

மிச்சம் ஒன்று. ஏழு.

“ஆண்ட்டி அப்பவே எறங்கிட்டாங்களே, மரத்தாண்ட போனாங்க,” என்று யாரோ சொன்னார்கள். மரத்தடியில் ஆண்ட்டியுடையதைப் போலவே நீலச் சேலை ஒன்று தெரிந்தது. அந்தச் சேலைக்காரி திரும்பினாள். ஆண்ட்டி இல்லை.

ஜெயகரன் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. நடைபாதைப் பலகை வழுக்கி முழங்கால் அடிபட்டது, அப்படியே தவழ்ந்து ஏறினார். “மூச்ச புடி, யாரும் உள்ள வராதீங்க!” என்று கத்தியது மட்டும் கேட்டது. பிறகு முன்கண்ணாடி ஒன்று உடையும் சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஏரிக்கு அப்பால் ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் ஆண்ட்டியை அக்குளில் கைகொடுத்துப் பின்னோக்கி நடந்தபடி இழுத்துக்கொண்டு வந்தார். ஆண்ட்டி தூங்குகிறவர் மாதிரி இருந்தார். முகத்தில் நோவு எதுவும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கரையில் ஒருக்களித்துக் கிடத்தி, “சாரா, ஏ சாரா, ஷிஃப்ட் முடிஞ்சிபோச்சி, எழுந்திரு” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். விநாயக்கின் காரில் கோலாருக்குப் போகும் வழி முழுக்க நான் ஆண்ட்டியின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தேன். மூச்சு வந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்தது வருமா என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் காலை கண்விழித்த ஆண்ட்டி கேட்ட முதல் கேள்வி: “இன்னா எல்லாரும் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீறீங்க?”

ஜெயகரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் இன்ஜினைத் திறந்தார். ஒவ்வொரு கிளாம்பும் இறுகியிருந்தது. ஹோஸில் ஒரு கீறல் இல்லை. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. குற்றம் கண்டுபிடிக்க முடியாததுதான் அவரை இன்னும் கலங்கடித்தது. கடைசியில் வீட்டு கிறிஸ்துமஸ் ஸ்டாரிலிருந்து ஒரு முழம் ரிப்பனைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, படகின் பின்திறப்பில் கட்டினார். உடைந்த கண்ணாடிக்கு அட்டை வைத்து முன்பக்கம் முழுவதையும் மூடினார். விநாயக்கை அன்று போலவே மெதுவாக ஓட்டச் சொன்னார். நான் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதனால் பயன் எதுவும் இல்லை என்று அவரே சொன்னார், இருந்தாலும் கட்டிக்கொண்டேன்.

ரிப்பன் வெளியே பறக்கவில்லை. உள்ளே, எங்கள் முகத்தை நோக்கிப் பறந்தது.

முன்பக்கம் அடைத்த படகு நகரும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றில் ஒரு பள்ளம் விழுகிறது. துப்பிய புகை அந்தப் பள்ளத்தில் சுழன்று, திறந்திருக்கும் பின்வழியாகத் திரும்ப உள்ளே ஏறுகிறது. ஜெயகரன் அட்டையைப் பிய்த்து முன்கண்ணாடிகளைத் திறந்தார். ரிப்பன் ஒரு கணம் தொங்கி, பின்னால் நீண்டு வெளியே பறந்தது.

“கீழ இருந்தப்ப தொறக்காம விட்டேன்,” என்றார். “இங்க தொறந்து விட்டேன்.”

விநாயக் இன்ஜினை நிறுத்திவிட்டு, “அலாரம் நான் வாங்கியிருக்கணும்ணே” என்றார். ஜெயகரன் ரிப்பனை அவிழ்த்தார்.

அடுத்த மாதம் படகு கொச்சிப் பக்கம் விற்றுப்போனது. லாரி ஏறுவதற்கு முன் ஜெயகரன் தன் கைக்காசில் ஒரு அலாரம் வாங்கிப் படுக்கை அறையில் பொருத்தினார். இன்ஜின் மூடிக்கு உள்பக்கம் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயின்ட்டால் எழுதினார்: முன்கண்ணாடி திறக்காமல் பின்திரையைத் திறக்காதே. தலைவலி என்றால் படுக்காதே, வெளியே வா. வருடத்துக்கு ஒருமுறை ஹோஸ் மாற்று. கீழே என் போன் நம்பர். அவருடைய போனில் மெசேஜ் வராது.

டோக்கன் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிக்கு எதிரே மாட்டினார். பதினொரு டோக்கன். ஏழாம் ஆணி காலி. ஆண்ட்டியை இழுத்து வந்தபோது முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஏரிக்கரை, கார், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் தேடியாயிற்று. புதிதாக ஒன்று வெட்டித் தருகிறேன் என்று ராபர்ட்சன்பேட்டை கடைக்காரர் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. போன டோக்கன்தான் திரும்பி வர வேண்டும்.

பகலில் பழையபடி பெங்களூர் ரயில், சைலன்சர் கடை. வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றும் முன் பலகையைப் பார்ப்பார். பிறகு, “சாரா?” என்று கூப்பிடுவார். பதில் வரும்வரை உள்ளே நுழைய மாட்டார்.

“உயிரோட எதுக்கால நிக்கறேன், அந்த ஆணிய முறைச்சிகினு கீறீங்க,” என்று ஆண்ட்டி திட்டுவார். ஒருநாள் விளையாட்டாகப் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தார். வாசலில் அவர் உட்கார்ந்துவிட்ட விதத்தைப் பார்த்த பிறகு மறுபடி அப்படிச் செய்ததில்லை. சமையல் நடுவிலும், தூக்கத்திலும், “கீறேன், கீறேன்” என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டார். எங்கள் வீடுவரை கேட்கும்.

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத நம்பரிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கரி படிந்த உள்ளங்கை, அதில் பச்சை பூத்த ஒரு பித்தளை வட்டம். அதன் கீழே எழுதியிருந்தது:

“வணக்கம். கொச்சியிலிருந்து கிறிஸ்டோ, படகு மெக்கானிக். சொந்த ஊர் தூத்துக்குடி. மூடியில் எழுதியிருந்தபடி இன்று எக்ஸாஸ்ட் ஹோஸ் மாற்றிவிட்டு, தரைப் பலகைகளையும் கழற்றிக் கழுவினேன். முன் அறைப் படிக்கு அடியில் இது கிடந்தது. ஏழு என்று இருக்கிறது. யாருடையது? அவர் நன்றாக இருக்கிறாரா? விலாசம் அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன்.”